ஒன்பது பேருக்கும் ஒரே தாகம்

"தாகமா இருந்துச்சும்மா."

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற அறையில், கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற ஒன்பதாவது ஆளும் இதையே சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய்யா, ஒருத்தனுக்காவது ஒண்ணுக்கு வந்திருக்கக் கூடாதா? ஒருத்தனுக்காவது டயர்ல காத்து இறங்கியிருக்கக் கூடாதா? ஒன்பது பேருக்கும் ஒரே தாகமா? அதுவும் தினமும், அதே இடத்துலயா?" என்று கத்தினேன். காவலர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். பத்து வருஷம் உள்ளே கிடக்கப் போகிறவர்களின் வக்கீல் கத்தாமல் வேறு யார் கத்துவார்கள்?

என் பெயர் சண்முகவடிவு. புன்னைத்துறை மாவட்ட நீதிமன்றத்தில் வக்கீல். ஜீவனாம்சம், வரப்புத் தகராறு, வாடகை பாக்கி என்று மரியாதையாகப் பிழைத்துக்கொண்டிருந்தவளை இந்தக் கும்பல் வழக்கில் இழுத்துவிட்டது பகலவன் அண்ணாச்சிதான். துறைமுகத்துக் கண்டெய்னர் லாரி ஓட்டுநர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். குற்றப்பத்திரிகையில் முதல் எதிரியும் அவர்தான். மற்ற எட்டுப் பேரும் அவர் சங்கத்து ஓட்டுநர்கள்.

குற்றம் இதுதான். லாரிப்பேட்டையிலிருந்து வண்டி வெளியே போகவேண்டுமானால் ஒரு தானியங்கிக் கதவைத் தாண்டவேண்டும். இந்த ஒன்பது பேரும் அந்தக் கதவு வரை வந்து, வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அப்புறம் சாவகாசமாக ஏறிப் போனார்கள். ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில் தினமும். பின்னால் வந்த வண்டியெல்லாம் நின்றது. துறையில் கப்பல் காத்துக் கிடந்தது. கப்பல்காரன் புகார் கொடுத்தான். "துறைமுகத்தை முடக்கி, மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்க்கிற கட்டுக்கோப்பான கும்பல்" என்று போலீஸ் எழுதிவிட்டது. ஜாமீன் கிடையாது. நிரூபணமானால் பத்து வருஷம், ஓட்டுநர் உரிமம் ஆயுளுக்கும் ரத்து.

பழைய காலமாக இருந்தால் இந்த வழக்கை நான் ஊதித் தள்ளியிருப்பேன். சதி என்றால் நாலு பேர் கூடிப் பேசியிருக்க வேண்டும். பேசினதற்குச் சாட்சி எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அரசுத் தரப்பு தலையைச் சொறியும். இப்போது அப்படி முடியாது. இணைகணி வந்துவிட்டது.

கோர்ட் சுவரில் அகலமாக ஒரு திரை. ஊர் முழுக்க உள்ள கேமராக்கள்தான் அதற்குக் கண். நாம் எப்போது நிற்கிறோம், எப்போது திரும்புகிறோம், யார் தும்மினால் யார் ஏறிட்டுப் பார்க்கிறார்கள் எல்லாவற்றையும் அது சேர்த்துவைக்கும். ஆளுக்கொரு புள்ளி. ரெண்டு பேர் மனசு ஒரே பக்கம் போகிறது என்று அதற்குத் தோன்றினால் ரெண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு சிவப்புக் கோடு விழும். ஓட்டுநர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் கோள்மூட்டி. அதுதான் என் வழக்கில் முதல் சாட்சி. சாட்சிக்கு மரியாதை கொடுத்துப் பேசவேண்டும் என்று நீதிபதி மெஹருன்னிஸா அம்மா முன்கூட்டியே என்னை எச்சரித்துவைத்திருந்தார்கள். என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும்.

"இவங்க கூடிப் பேசினதை நீங்க கேட்டீங்களா?" என்று குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன்.

"இல்லை. அவர்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லை" என்றது இணைகணி. நல்ல சுத்தமான தமிழ். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"போன்ல?"

"இல்லை."

"கண் ஜாடை, கை ஜாடை?"

"இல்லை."

"அப்புறம் எப்படி இது சதி?"

"அதனால்தான் சதி. பேசியிருந்தால் கருத்து வேறுபாடு வந்திருக்கும். இந்தச் சங்கத்தில் ஒன்பது பேர் பேசி ஒரு முடிவுக்கு வந்ததாக என்னிடம் ஒரு பதிவுகூட இல்லை. பேசாமல் இருந்ததால்தான் இவ்வளவு கச்சிதமாகச் செய்ய முடிந்திருக்கிறது."

கோர்ட்டே சிரித்தது. எதிரிகள் கூண்டில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

"ஒருத்தர் கொட்டாவி விட்டா பக்கத்து ஆளும்தான் விடுறார். அதுவும் சதியா?"

"பழக்கம் என்று நிரூபித்தால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவேன். சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது. செருப்பை வாசலில் விடுவதை எடுத்துவிட்டேன். ஆனால் ஒருவர் இன்னொருவரை மனதில் வைத்துக்கொண்டு ஒரே காரியத்தைச் செய்தால் அது உடன்பாடு. அப்படி இரண்டு பேர் இருந்தால் போதும், கும்பல் முழுமையடைகிறது."

"நல்ல எண்ணத்தோட செஞ்சிருந்தா?"

"எண்ணம் நல்லதா என்று சட்டம் கேட்கவில்லை. கப்பலுக்கு நஷ்டம் வந்ததா என்று மட்டும்தான் கேட்கிறது."

அரசு வழக்கறிஞர் தளவாய் சார் சும்மா இருப்பாரா? எழுந்து ஒன்பது பேரின் வாக்குமூலத்தையும் வரிசையாக ஓடவிட்டார். தாகமா இருந்துச்சு. தாகமா இருந்துச்சு. தாகமா இருந்துச்சுய்யா. தாகமா இருந்துச்சுலா. கடைசி ஆள் பேசி முடிப்பதற்குள் திரையில் சிவப்புக் கோடு கிழிகிழியென்று கிழித்து, ஒன்பது புள்ளியும் ஒரே கட்டாகக் கிடந்தது.

"வார்த்தை மாறாம ஒன்பது பொய். சதிக்கு இதைவிட என்னம்மா ஆதாரம் வேணும்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

இடைவேளையில் வராந்தாவில் சூசையைப் பிடித்தேன். எட்டுப் பேரில் அவனுக்குத்தான் வாயில் பூட்டு கிடையாது. அவனைக் காவலர்கள் வாழைப்பழம் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள்.

"சூசை, உனக்கு எத்தனை பிள்ளைக?"

"ரெண்டு பொண்ணுலா."

"நீ வெளிய வரும்போது ரெண்டும் காலேஜ் முடிச்சிருக்கும். உண்மையைச் சொல்றியா, இல்ல வாழைப்பழம் தின்னுட்டே போறியா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். பழத்தைக் கீழே வைத்தான். "அந்தக் கதவுதாம்மா எல்லாத்துக்கும் காரணம். முன்னெல்லாம் சும்மா டிங்குன்னு திறக்கும். தைக்குப் பொறவு எவனோ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு அதுக்குப் பாசம் கத்துக் குடுத்துட்டான். வண்டி போய் நின்னதும், 'வணக்கம் அண்ணே! எங்கே கிளம்பிட்டீங்க?'ன்னு ஒரு பொம்பளப்பிள்ள குரல்ல கேக்குது."

"கேட்டா?"

"என்னம்மா, கேட்டான்னு கேக்கிய! தூரந்தொலைவு கிளம்புத மனுசனை எங்கன்னு கேக்கலாமா? கேட்டுட்டா, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுல்லா போவணும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இது எப்படி எனக்கு உறைக்காமல் போயிற்று? எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவரை "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். "எங்கே?" என்று கேட்டு என் அம்மாவிடம் நான் வாங்கிய குட்டு கொஞ்சநஞ்சமா? ரேஷன் கடைக்குப் போகிறவர்கூட அந்தக் கேள்வி காதில் விழுந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்.

"மறுபடி போகும்போது மறுபடி கேக்காதா?"

"அரை மணி நேரத்துக்கு ஒரே வண்டிட்ட ரெண்டு தடவை கேக்காது. அந்த மட்டுக்கு மரியாதை தெரிஞ்ச கதவு."

"படுபாவி, இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"பகலவன் அண்ணாச்சி இருக்காவளே!" என்றான் சூசை, அதற்கு மேல் விளக்கமே வேண்டாம் என்பது போல.

உண்மையில் வேண்டாம்தான். புன்னைத்துறையில் பகலவன் அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. ராகுகாலத்தில் பெண் பார்த்து, எமகண்டத்தில் தாலி கட்டினவர். அஷ்டமியில் சங்கக் கட்டடத்தைத் திறந்தவர். பூனை குறுக்கே வந்தால் வண்டியை நிறுத்தி அதற்குப் பிஸ்கட் போடுவார். அவர் லாரியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது 'ராகுகாலம் டிரான்ஸ்போர்ட்'. சகுனம், நேரம், திருஷ்டி என்று சங்கத்துக்குள் ஒரு பேச்சு எடுத்தால் அன்றைக்கு அவர் பேச்சை மதியச் சாப்பாடு வரைக்கும் கேட்கவேண்டும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வண்டியில் கட்டின எலுமிச்சம்பழத்தைக் கழற்றியிருந்தார்கள்.

"சரி, அப்போ அண்ணாச்சி ஏன் உக்காந்தாரு? அவர் வண்டிதானே வரிசையில முதல்ல நின்னுது?"

சூசை பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். "அவியளுக்கு நெஜமாவே தாகம்மா. அதை மட்டும் நோண்டாதீங்க" என்றான். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நான் நோண்டினேன். அன்று சாயங்காலமே அண்ணாச்சியிடம் போய், "கதவு கேட்டது மனசுக்குச் சரியாப் படலை, அதனால திரும்பினேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வழக்கு முடிஞ்சுது" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "பத்து வருசம் இல்ல, நூறு வருசம் உள்ள கிடப்பேன். பகலவன் சகுனத்துக்குப் பயந்து திரும்பினான்னு ஒரு கோர்ட்டுக் காயிதத்துல எழுத விடமாட்டேன்."

"அப்போ எட்டுப் பேரும் உங்களோட சேர்ந்து உள்ள கிடக்கட்டுமா?"

"அந்தப் பயலுவளுக்கு அதையே சொல்லிக் காப்பாத்தும்மா. என் காதுல விழாத மாதிரி இருந்துக்கிடுதேன்" என்றார் மெதுவாக. எனக்கு அந்த மனுஷன் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் கோர்ட்டில் பழக்கத்தைச் சொன்னேன். இணைகணி உடனே தேடிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு பழக்கம் என் பதிவில் இல்லை" என்றது. எப்படி இருக்கும்? நம் ஆட்கள் அதை எங்கே எழுதிவைத்தார்கள்? கேட்டவுடன் முறைப்பார்கள், உட்காருவார்கள், குடிப்பார்கள், போய்விடுவார்கள்.

தளவாய் சார் எழுந்தார். "நானும் இந்த மண்ணுலதான் பொறந்தேன். படிச்சவங்க இருக்கற ஊர் இது. எங்கே போறீங்கன்னு கேட்டா உக்காந்து தண்ணி குடிக்கறதா? இந்த மாதிரி ஒரு கூத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. பதிவு பண்ணிக்குங்க அம்மா."

பதிவாயிற்று. நான் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும். அன்று அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நாள். காலையிலிருந்தே பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டுதான் கவுனை மாட்டியிருந்தார். மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும் என்று நீதிபதியிடம் சொல்லிவைத்திருந்ததும் என் காதில் விழுந்தது.

மூன்று மணி. தளவாய் சார் காகிதங்களை அடுக்கினார். நீதிபதியைக் கும்பிட்டார். தலைமுடியை ஒருதரம் தடவிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு கதவைப் பார்த்து நடந்தார்.

நான் எழுந்து, கோர்ட் அதிர, "தளவாய் சார்! எங்கே கிளம்பிட்டீங்க?" என்றேன்.

அவர் கால் அந்தரத்தில் நின்றது. பின்வரிசையில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்கவேண்டும். ஓரெட்டு முன்னால் வைக்கப் பார்த்தார். வைக்கவில்லை. வைக்க முடியவில்லை அவரால்.

"வக்கீலம்மா!" என்று மேடையிலிருந்து நீதிபதி அம்மா அதட்டினார்கள். "உங்களுக்கு அறிவிருக்கா? நல்ல காரியத்துக்குக் கிளம்பற மனுஷரை யாராவது இப்படிக் கேப்பாங்களா? தளவாய் சார், நீங்க முதல்ல உக்காருங்க. யாருய்யா அங்க, ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவாங்க!"

பெஞ்ச் கிளார்க் ஓடினார். தளவாய் சார் உட்கார்ந்தார். தண்ணீரை வாங்கி மடக் மடக்கென்று குடித்தார்.

"அம்மா, இப்போ நீங்க சொன்னதையும் சார் குடிச்சதையும் பதிவு பண்ணிக்கச் சொல்லலாமா?" என்று நான் கைகட்டிக்கொண்டு கேட்டேன்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். வெகுநேரம் துடைத்தார்கள். அவர்கள் தோள் குலுங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "பதிவு பண்ணிக்கட்டும்" என்றார்கள் கடைசியில்.

"புதிய பழக்கம் ஏற்கப்பட்டது" என்றது இணைகணி. "இரண்டாம் எதிரி முதல் ஒன்பதாம் எதிரி வரை எட்டுப் பேருக்கும் விலக்கு பொருந்துகிறது. இணைப்புகள் நீக்கப்படுகின்றன." திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கூண்டில் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் தட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி மட்டும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, காது கேட்காத மாதிரி நின்றார்.

"முதல் எதிரிக்கு விலக்கு பொருந்தாது" என்று அது தொடர்ந்தது. "இந்தப் பழக்கத்தைக் கண்டித்து அவர் பேசிய மேடைப் பேச்சுகள் என்னிடம் முழுமையாக உள்ளன. கேட்க விரும்புகிறீர்களா?"

"வேண்டாம்" என்று நானும் நீதிபதியும் தளவாய் சாரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அடுத்த வாய்தாவுக்குத் தளவாய் சார் சம்பந்தம் முடிந்த திருப்தியோடும் என் மேல் தீராத காட்டத்தோடும் வந்தார். அவர் வாதம் கூர்மையாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மற்றவர்கள் பழக்கத்தால் நின்றார்கள், சரி. இந்த மனுஷன் எதற்கு நின்றான்? அவன்தான் முதல் வண்டி. அவன் ஓரங்கட்டினால் மற்றவர்கள் ஓரங்கட்டுவார்கள் என்று தெரிந்தே செய்திருக்கிறான். அந்த எட்டுப் பேரில் ஒரே ஒருவன் 'தலைவர் நின்றார், அதனால் நானும் நின்றேன்' என்று சொன்னால் போதும். ரெண்டு பேர் கணக்கு வந்துவிடும். விலக்கு கிழிந்துபோகும். ஒன்பது பேரும் மறுபடி உள்ளே.

"அண்ணாச்சி, நீங்க கூண்டேறவேண்டியது கட்டாயமில்ல. வாயைத் திறக்காம இருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று காதில் ஓதினேன்.

"நான் பேசுதேன்" என்றார்.

"ஐயோ, பேசாதீங்க!"

"பேசாம இருந்தா பயந்தவன்னு ஆயிரும்லா" என்று சொல்லிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டார். என்னத்தைச் சொல்ல?

தளவாய் சார் கேட்டார். "சகுனம் பாப்பீங்களா?"

"மாட்டேன்."

"கதவு கேட்ட கேள்விக்காகத் திரும்பினீங்களா?"

"அதுக்காகத் திரும்பல."

"தாகமா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், ஆமாம் என்று சொல்லித் தொலையுங்கள் என்று. அவர் மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"பொய் சொல்லி முடியலம்மா. தாகம் இல்ல. மொத நாள் அந்தக் கதவு எங்கன்னு கேட்டுச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. கியரைப் போட்டேன். கண்ணாடியில பின்னால பாத்தேன். எட்டு வண்டி நிக்குது. எட்டுப் பயலும் ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டு என்னையே பாக்கானுவ. எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் நேரே போனா அவனுவளும் வெக்கப்பட்டுக்கிட்டு நேரே வருவானுவ. நெஞ்சு அடிச்சிக்கிட்டே ராப்பகலா வண்டி ஓட்டுவானுவ. என் கொள்கைக்கு அவனுவ ஏன் நடுங்கணும்? என்னால அவனுவளுக்கு அந்தப் பயத்தை எடுக்க முடியலலா. இத்தனை வருசம் தொண்டை கிழியப் பேசி முடியல. பேச்சுல முடியாதவன் ஒரு ஓரமாவாவது ஒதுங்க வேண்டாமா? அதான் எனக்குத் தாகம்னு சொல்லி நானே முதல்ல ஒதுங்கினேன். பொறவு தினமும் அப்படியே பழகிட்டு."

நான் மூக்கை உறிஞ்சினேன். வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்ய, அழுகை வந்துவிட்டது.

"அப்போ மத்தவங்களை மனசுல வெச்சுத்தான் செஞ்சீங்க. ஒத்துக்கறீங்க!" என்று தளவாய் சார் குதித்தார்.

"ஒத்துக்கிடுதேன்."

"அம்மா, முதல் எதிரி குற்றத்தை ஒத்துக்கிட்டார்!"

"உக்காருங்க சார்" என்றார்கள் நீதிபதி அம்மா. "யாரோட சேர்ந்து?"

"அம்மா?"

"இவர் இன்னொருத்தரை மனசுல வெச்சுச் செஞ்சார், சரி. இவரை மனசுல வெச்சுச் செஞ்ச இன்னொருத்தர் யாரு? மத்த எட்டுப் பேருக்கும் வெறும் பழக்கம்தான்னு உங்க சாட்சியே சொல்லியிருக்கு. தனி ஆள் தனக்குத்தானே சதி பண்ணிக்கிட்டதா இந்தச் சட்டத்துல எங்கேயாவது இருக்கா?"

தளவாய் சார் திரையைப் பார்த்தார். ஒரே ஒரு புள்ளி கோடில்லாமல் தனியாக நின்றது. "இல்லை" என்றது இணைகணி, யாரும் கேட்காமலே.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. நீதிபதி அம்மா பேனாவை எடுத்தார்கள். அப்போதுதான் எதிரிகள் கூண்டில் சூசை முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி! நீங்க எங்களுக்காகவா? ஐயோ அண்ணாச்சி, நாங்கல்லாம் அதை விட்டு எம்புட்டு வருசமாச்சு! உங்க பேச்சைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அதெல்லாம் போயே போச்சு. அன்னைக்கு நீங்க ஒதுங்கினதப் பாத்து, அண்ணாச்சி மனசுக்குள்ள இப்படி ஒரு பயம் கிடக்கேன்னு நெனச்சித்தான் நாங்க எல்லாரும் உங்களுக்..."

"உக்காருல!" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாக் காக்கையெல்லாம் எழும்பியது.

சூசை அப்படியே உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன சொல்லப்போனோம் என்பது அவனுக்குப் புரிந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். இன்னும் ஒரு சொல் வந்திருந்தால் ஒன்பது பேருக்கும் பத்து வருஷம். கூண்டில் எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் என் ஃபைலைப் பார்த்தேன். பெஞ்ச் கிளார்க் மைக்கூட்டைப் பார்த்தார். காவலர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். தளவாய் சார் பாதி எழுந்தவர், ஒரு கணம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக உட்கார்ந்து, கவுனில் இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தார்.

அண்ணாச்சிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயுசு முழுக்கப் பேசியும் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர், கேட்ட எட்டுப் பேரையும் ஒரே கூண்டில் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வாழ்க்கையிலேயே கிடைத்த பெரிய வெற்றி அதுதான், அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை வாய் திறந்து கேட்க முடியாது.

அந்த மௌனத்தில் திரை சிவந்தது. கோடு கோடாக, அறை முழுக்க. என் புள்ளியிலிருந்து கிளார்க்குக்கு, கிளார்க்கிடமிருந்து காவலருக்கு, அங்கிருந்து டீ கொண்டுவந்த கேண்டீன் பெண்மணிக்கு.

"எச்சரிக்கை" என்றது இணைகணி. "இந்த அறையில் ஒரு புதிய கூட்டுச்சதி உருவாகியிருக்கிறது. பேச்சு இல்லை. ஜாடை இல்லை. நான் இதுவரை பதிவு செய்ததிலேயே மிகக் கச்சிதமான உடன்பாடு. தலைவர், மாண்புமிகு நீதிபதி."

நீதிபதி அம்மா பேனாவை நிறுத்தினார்கள். "தளவாய் சார், உங்க சாட்சி ஏதோ சொல்லுதே. உங்களுக்குக் கேட்டுதா?"

தளவாய் சார் தூசி தட்டுவதை விட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே அம்மா" என்றார்.

"எனக்கும்தான்" என்று சொல்லி நீதிபதி அம்மா எழுதி முடித்தார்கள். எதிரிகள் ஒன்பது பேரும் விடுவிக்கப்படுகிறார்கள். கோர்ட் கலையலாம்.

அண்ணாச்சி கூண்டை விட்டு இறங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அம்மா, அந்தச் சூசைப்பயல்ட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேனே" என்றார்.

"கேக்காதீங்க" என்றார்கள் நீதிபதி அம்மா, எழுந்து நின்றபடி. அவர்கள் குரலும் சரியாக இல்லை. "ஆயுசுக்கும் கேக்காதீங்க. வீட்டுக்குப் போங்க."